பாட்டை அறுத்துப் பங்கிட்டவர்கள்

ஹைதராபாதின் தார்நாக்காவில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பழைய படிக்கிணறு இருக்கிறது. மாஹ் லகா பாய் சந்தாவின் (1768–1824) பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் கிணறு அது. அவர் உருதுவில் கஜல் எழுதியவர். இசையும் நடனமும் கற்று அரசவையில் பாடி ஆடியவர். அதே வளாகத்தில் பிரெஞ்சு மொழிக்கும் ஒரு துறை உண்டு. பிரெஞ்சு கற்கும் மாணவர், உலகின் எந்த ஊரில் கற்றாலும், சில மாதங்களுக்குள் ஒரு பாட்டையேனும் கேட்டுவிடுகிறார். பிராசன்ஸ், ஃபெரே, பிரேவேர் ஆகிய பெயர்கள் இலக்கிய வரலாற்றின் பகுதியாகவே அவருக்கு அறிமுகமாகின்றன. ‘ஷான்சோன்’ என்று அவர்கள் சொல்லும்போது கவிதை, இசை, குரல், திரை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து எண்ணுவதில்லை.

இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த மாணவர் வகுப்பை விட்டு வெளியே வந்து, இந்நகரத்தின் சொந்தப் பாட்டை ஆராய விரும்பினால் எந்தக் கதவைத் தட்டுவது? இந்தியக் கல்விப்புலத்தின் பொதுவழக்கப்படி, மொழித்துறை அச்சிட்ட தொகுப்பைக் கேட்கும். இசைத்துறை இராகத்தின் பெயரைக் கேட்கும். திரைப்பட ஆய்வுத்துறை இயக்குநரின் பெயரைக் கேட்கும். பாட்டைக் கேட்பதற்கு ஆள் இல்லை. ஓர் உடலை மூவர் அறுத்துப் பங்கிட்டுக்கொண்டு, உயிர் எங்கே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நிலை இது. பாட்டு என்பது ஒரே பொருள். அதைத் துறைவாரியாகப் பிரித்தது ஆய்வின் தேவையன்று, நிர்வாகத்தின் வசதி. அந்த வசதிக்கு ஹைதராபாத் கொடுத்துவரும் விலை பெரிது.

பிரான்சில் பாட்டுக்குக் கிடைத்த மரியாதை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1946 இல் மார்செல் கார்னே இயக்கிய ‘லே போர்த் த லா நுய்’ என்னும் படத்தில், ‘உதிர்ந்த இலைகள்’ என்று பொருள்படும் தலைப்புடைய பாட்டு இடம்பெற்றது. ஹங்கேரியிலிருந்து பாரிசுக்கு வந்த ழோசெஃப் கோஸ்மாவின் மெட்டு முதலில் 1945 இல் ஒரு பாலே நடனத்துக்காக அமைக்கப்பட்டது. ழாக் பிரேவேர் அதற்குச் சொற்களைப் பின்னரே எழுதினார். தமிழில் ‘மெட்டுக்கு எழுதியது’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிடப்படும் முறையில்தான் இருபதாம் நூற்றாண்டின் மிகவும் புகழ்பெற்ற பிரெஞ்சுப் பாட்டு பிறந்தது.

1961 இல் லியோ ஃபெரே, லூயி அராகோனின் கவிதைகளுக்கு இசையமைத்துத் தாமே பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளரால் 1944 பிப்ரவரி 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட மிசாக் மனூஷியானையும் அவருடைய தோழர்களையும் பற்றிய கவிதை அதில் ஒன்று. அராகோன் இட்ட தலைப்பை ஃபெரே நீக்கி, ‘சிவப்புச் சுவரொட்டி’ என்று வேறு தலைப்பிட்டார். இன்று அக்கவிதையை அறிந்தவருள் பெரும்பாலோர் பாடகர் இட்ட பெயராலேயே அறிவர். மனூஷியான் 2024 பிப்ரவரி 21 அன்று பாரிசின் பாந்தியோன் நினைவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டபோது அரசு விழாவில் ஒலித்ததும் அந்தப் பாட்டே. இடையில் செகெர்ஸ் பதிப்பகம் தன் ‘இன்றைய கவிஞர்கள்’ நூல்வரிசையில் ஃபெரேயை 1962 இலும் பிராசன்ஸை 1963 இலும் சேர்த்தது. 1967 இல் பிரெஞ்சு அகாதமி, கவிதைக்கான தன் பெரும்பரிசைப் பிராசன்ஸுக்கு அளித்தது. பிராசன்ஸோ தம்மைக் கவிஞர் என்று சொல்லிக்கொள்ளக் கூசியவர். ஆயினும் பதிப்பாளர் ஒரு முடிவெடுத்தார். அகாதமி ஒரு முடிவெடுத்தது. வகுப்பறை அதைப் பின்பற்றியது. பாட்டின் தகுதி என்று இன்று தோன்றுவது, பல நிறுவனங்கள் அடுத்தடுத்து எடுத்த முடிவுகளின் தொகை.

இந்த வரலாற்றிலிருந்து இங்குள்ளோர் கற்றுக்கொண்ட பாடம் விந்தையானது. ‘மக்தூம் ஹைதராபாதின் அராகோன்’ என்று ஒரு வாசகம் எழுதினால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். பாரிசிலிருந்து பெற்ற சான்றிதழை உள்ளூர்க் கவிஞரின் கழுத்தில் மாட்டுவது மரியாதையன்று. ஒப்பீட்டின் பயன் பட்டம் சூட்டுவதில் இல்லை. அங்கே செய்தது இங்கே ஏன் செய்யப்படவில்லை என்று வினவுவதில் இருக்கிறது.

மக்தூம் முகையதீன் 1908 இல் பழைய மேதக் பகுதியில் பிறந்தவர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஹைதராபாத் சிட்டி கல்லூரியில் ஆசிரியராகி, அந்த வேலையையும் விட்டுப் பொதுவுடைமை இயக்கத்துக்குச் சென்றவர். நிஜாம் ஆட்சிக்கும் நிலக்கிழார்களுக்கும் எதிரான தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். தலைமறைவு வாழ்வையும் சிறையையும் கண்டு, பின்னர்ச் சட்டமன்றத்தில் அமர்ந்தவர். ‘சுர்க் சவேரா’ 1944 இலும், ‘குல்-ஏ-தர்’ 1961 இலும், ‘பிசாத்-ஏ-ரக்ஸ்’ 1966 இலும் வெளிவந்தன. கடைசி நூலுக்கு 1969 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 25 அன்று மறைந்தார்.

அவருடைய கவிதைகள் நான்கு இந்திப் படங்களில் பாட்டாயின. போர்க்களம் செல்லும் சிப்பாயைப் பற்றிய கவிதை 1960 இல் ‘உஸ்னே கஹா தா’ படத்தில் சலீல் சவுத்ரியின் இசையில் வந்தது. மசூதியும் கோயிலும் மதுக்கடையும் பார்த்திருக்க இருவர் காதலில் எரிந்துபோவதைச் சொல்லும் ‘சாராகர்’ 1964 இல் ‘சா சா சா’ படத்தில் வந்தது. ஒரு கஜல் 1978 இல் முசஃபர் அலியின் ‘கமன்’ படத்திலும், இன்னொன்று 1982 இல் சாகர் சர்ஹதியின் ‘பாஜார்’ படத்திலும் வந்தன. பின்னிரண்டும் கவிஞர் மறைந்தபின் வந்தவை. ஆகவே பணத்துக்காகப் படத்துக்கு எழுதினார் என்னும் வழக்கமான குற்றச்சாட்டுக்கு அங்கே இடமில்லை. ஏட்டில் இருந்த கவிதையைத் திரை தேடிவந்தது.

தேடிவந்து கெடுத்ததா? கல்விப்புலத்தின் முதல் வாதம் அதுதான். திரைப்படம் கவிதையின் சில அடிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது, ஆசிரியர் நினைத்த பொருளைச் சிதைக்கிறது என்பார்கள். இவ்வாதத்தைச் சோதிக்க ‘கமன்’ படத்தின் கஜல் போதும்.

ஜெய்தேவ் இசையமைத்து சாயா காங்கூலி பாடியது அது. இருவருக்கும் அப்படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. அதன் ஒவ்வோர் ஈரடியும் ‘இரவு முழுவதும்’ என்னும் பொருள்தரும் ஒரே தொடரில் முடிகிறது. அத்தொடருக்கு முன் வரும் வினைகளை மொழியியல் மாணவர் ஒருவர் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும்: அவற்றின் எழுவாய் பேசுபவர் அல்லர். நினைவு, ஈரவிழி, குழலோசை, நிலவொளி ஆகியவையே எழுவாய்கள். உருதுவில் இவை பெண்பாற் சொற்கள். வினையும் பெண்பால் ஈறு கொள்கிறது. தமிழ் வாசகருக்கு இதன் கனம் உடனே புலப்படாது. தமிழில் ‘வந்தேன்’ என்பவர் ஆணா பெண்ணா என்று வினைமுற்று சொல்வதில்லை. உருதுவில் தன்மை வினையும் பாலைக் காட்டிவிடும். அப்படிக் காட்டும் மொழியில், பேசுபவரின் பால் வெளிப்படாதபடி ஈரடிகளை முடித்திருக்கிறார் மக்தூம். விளிக்கப்படுபவரையும் மரியாதைப் பன்மையில் விளிக்கிறார். அங்கும் பால் தெரியாது.

‘கமன்’ வட இந்தியச் சிற்றூரிலிருந்து பம்பாய்க்குப் போய் வாடகைக் கார் ஓட்டும் ஒருவனையும், ஊரில் அவனுக்காகக் காத்திருக்கும் மனைவியையும் பற்றிய படம். ஓர் ஆண் கவிஞரின் கஜலைப் பெண்குரலில் பாடவைத்து, பிழைப்புக்காகப் பிரிந்த ஓர் ஏழைக் குடும்பத்தின் இரவாக அதை மாற்றியது அந்தப் படம். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இலக்கணம் திறந்துவைத்திருந்த கதவின் வழியே இசையமைப்பாளரும் பாடகியும் இயக்குநரும் உள்ளே வந்தார்கள். இதைச் சிதைவு என்பவர் கவிதையின் இலக்கணத்தைப் படிக்கவில்லை. அதே சமயம், அச்சுத் தொகுப்பை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கதவு அங்கே இருப்பதே தெரிந்திராது. குரல் மாறிய பிறகுதான் இலக்கணத்தின் அமைதி காதில் விழுகிறது.

‘பாஜார்’ இன்னும் கடுமையான சான்று. அது ஹைதராபாதிலேயே நிகழும் கதை. வளைகுடா நாட்டில் பொருள் சேர்த்தவருக்கு ஏழை முஸ்லிம் வீட்டுப் பெண்ணைத் திருமணம் என்னும் பெயரில் விலைபேசுவதைப் பற்றியது. கய்யாமின் இசையில் லதா மங்கேஷ்கரும், ஹைதராபாதில் பிறந்த தலத் அஜீசும் பாடும் மக்தூமின் கஜல், பூக்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. மாலை, கூந்தற்பூ, இரவு, பேச்சு எல்லாம் பூவாக இருக்கின்றன. தனியே படித்தால் அது இன்பத்தின் கவிதை. படத்தில் அது ஓர் இளம் காதல் இணைக்கு உரியது. அந்தப் பெண் விற்கப்படப்போகிறாள். கதையின் முடிவில் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப்போகிறாள். திருமணப் பூ விலைப்பொருளின் மேல் சாத்திய பூவாகிவிடுகிறது. கவிதை அங்கே தன் மகிழ்ச்சியை இழக்கவில்லை. அந்த மகிழ்ச்சி யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதைப் படம் காட்டிவிடுகிறது. நிலக்கிழார்களை எதிர்த்துப் போராடிய ஒருவரின் கஜலுக்கு இதைவிட நேர்மையான உரை எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த உரையை எழுதியது எந்த உருதுத் திறனாய்வாளரும் அல்லர், ஒரு திரைப்படம்.

அடிகளைத் தேர்ந்தெடுத்துப் பாடுவது பற்றிய குறையும் கஜலின் இயல்பை அறியாமல் எழுவது. கஜலின் ஈரடிகள் ஒவ்வொன்றும் தனித்து நிற்க வல்லவை. மெஹ்ஃபிலில் பாடகர் அவையை நோக்கி, நேரத்தை நோக்கி, வேண்டியவற்றைப் பாடி வேண்டாதவற்றை விடுவது எப்போதும் உள்ள மரபு. அச்சு வருவதற்கு முன்பே இருந்த உரிமை அது. அச்சிட்ட வரிசையைப் புனிதமாக்கியது பாடத்திட்டம்.

இரண்டாவது வாதம், மெட்டை நீக்கினால் பாட்டு தாளில் நிற்காது என்பது. நிற்க வேண்டும் என்று யார் விதித்தது? மேடையை நீக்கினால் நாடகம் நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை; நாடகம் இலக்கியத் துறையில் கவலையின்றி இருக்கிறது. மேலும், மக்தூமைப் பொறுத்தவரை இவ்வாதம் உண்மையும் அன்று. ‘கமன்’ கஜலின் யாப்பு, உருது மரபில் ‘ஃபாயிலுன்’ என்னும் வாய்பாடு அடிக்கு நான்கு முறை வருவது. நீண்டது, குறுகியது, நீண்டது என்னும் அசைவு அது. தமிழ் மாணவர் ‘கூவிளம்’ என்று நான்கு முறை சொல்லிப் பார்த்தால் அதே அசைவு வாயில் வந்துவிடும். தமிழ் அசைக்கணக்கும் உருதுக் கணக்கும் ஒன்றல்ல. ஆயினும் ஓசை ஒப்புமையை உணர இது போதும். மெட்டு அமையும் முன்பே கவிதைக்குள் ஒரு நடை இருக்கிறது. இசையமைப்பாளர் அதைக் கண்டெடுக்கிறார். பாகிஸ்தானின் ஃபைஸ் அகமது ஃபைஸ், மக்தூமின் நினைவாக எழுதியபோது இதே யாப்பையும் இதே இயைபையும் எடுத்துக்கொண்டார். ஒரு கவிஞர் மற்றொரு கவிஞருக்குச் செலுத்திய அஞ்சலி, முதலில் காதால் செலுத்தப்பட்டது.

மூன்றாவது வாதம், திரைப்படம் வணிகம் என்பது. ஆம், வணிகம்தான். அரசவை என்ன தருமசாலையா? ஹைதராபாத் நகரை 1591 இல் நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா, தக்கனி மொழியில் வசந்த விழாவையும் மழைக்காலத்தையும் பாடிய மன்னர். அண்டையில் பீஜப்பூரை ஆண்ட இரண்டாம் இப்ராகிம் ஆதில் ஷா, ‘கிதாப்-ஏ-நௌரஸ்’ நூலில் தம் பாட்டுகளை இராகத்தின் பெயர்களின்கீழ் வரிசைப்படுத்தினார். அதிகாரமும் பொருளும் இல்லாத இடத்தில் அவையும் பாட்டும் நிகழ்ந்ததில்லை. மன்னனின் பொன்னில் பிறந்த கவிதை தூயது, தயாரிப்பாளரின் காசோலையில் பிறந்த கவிதை அசுத்தமானது என்பது அழகியல் அன்று. பழைய பணத்தின் மேல் உள்ள பக்தி.

தக்காண மன்னர் ஒருவர் பாட்டையும் இராகத்தையும் ஒரே நூலில் வைக்க அறிந்திருந்தார். தமிழில் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே பரிபாடல் அதைச் செய்திருக்கிறது. கிடைத்துள்ள 22 முழுப் பாடல்களில் பெரும்பாலானவற்றின் கீழ், பாடிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் தரப்பட்டுள்ளன. சொல்லும் இசையும் இருவருடைய உழைப்பு என்பதையும், இருவரும் பெயர் சொல்லத் தக்கவர் என்பதையும் அந்தக் குறிப்புகள் ஏற்றுக்கொள்கின்றன. இன்றைய ஆய்வேடு ஒன்று திரைப்பாட்டை மேற்கோள் காட்டினால் பெரும்பாலும் எழுதியவர் பெயரோடு நின்றுவிடுகிறது. முத்தமிழ் என்று மேடையில் முழங்கும் துறைகள், தம் அடிக்குறிப்பில் பரிபாடலின் ஏட்டைவிடப் பின்தங்கியிருக்கின்றன.

விருதுப் பட்டியலும் இதே கதையைச் சொல்லும். கண்ணதாசனுக்குச் சாகித்திய அகாதமி விருது 1980 இல் கிடைத்தது. ‘சேரமான் காதலி’ என்னும் நாவலுக்கு. குல்சாருக்கு 2002 இல் கிடைத்தது. ‘துவாங்’ என்னும் சிறுகதைத் தொகுப்புக்கு. வைரமுத்துவுக்கு 2003 இல் கிடைத்தது. ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்னும் நாவலுக்கு. மூவரையும் கோடிக்கணக்கானோர் அறிந்தது பாட்டால். அகாதமி அவர்களை அறிந்துகொள்ள, அவர்கள் பாட்டை வாசலில் விட்டுவிட்டு உரைநடையோடு உள்ளே வரவேண்டியிருந்தது. 1967 இல் பிரெஞ்சு அகாதமி செய்ததோடு இதை வைத்துப் பார்த்தால், வேறுபாடு கவிஞர்களின் தரத்தில் இல்லை என்பது விளங்கும்.

பங்கீட்டின் தீமை துறைகளுக்கிடையே மட்டும் நிற்பதில்லை, மொழிகளுக்கிடையேயும் பாய்கிறது. மக்தூம் தலைமை தாங்கிய அதே தெலங்கானாப் போராட்டம், தெலுங்கில் வேறொரு பாட்டு மரபை உண்டாக்கியது. பண்டி யாதகிரி, சுத்தால ஹனுமந்து முதலியோர் ஊர்தோறும் பாடப்பட்ட பாட்டுகளைக் கட்டினர். கிருஷண் சந்தர் அந்தப் போராட்டத்தைப் பற்றி உருதுவில் ஒரு நாவல் எழுதினார். வங்காளியான கௌதம் கோஷ் அந்த நாவலைக் கொண்டு ‘மா பூமி’ என்னும் தெலுங்குப் படத்தை எடுத்தார். நிஜாமை நோக்கிச் சவால்விடும் யாதகிரியின் பாட்டை அப்படத்தில் கத்தர் திரையில் தோன்றிப் பாடினார். ஹனுமந்துவின் பாட்டும் அதில் இடம்பெற்றது. ஹனுமந்துவின் மகன் சுத்தால அசோக் தேஜா பின்னாளில் திரைப்பாடலாசிரியராகித் தேசிய விருது பெற்றார். வயலில் பிறந்த பாட்டு ஒரு தலைமுறைக்குள் இயக்கம், நாவல், திரை, விருதுமேடை என்று இத்தனை இடங்களில் நடமாடியிருக்கிறது.

இப்போது கல்விப்புலத்தைப் பாருங்கள். மக்தூம் உருதுத் துறைக்குரியவர். யாதகிரி தெலுங்குத் துறைக்குரியவர்; அங்கும் ‘நாட்டார் வழக்காறு’ என்னும் பின்கட்டில். கிருஷண் சந்தர் மீண்டும் உருதுவுக்கு. கோஷ் திரைப்பட ஆய்வுக்கு. கத்தர் சமூகவியலுக்கு. ஒரே மண், ஒரே போராட்டம், ஒரே எதிரி. பாட்டுகள் மட்டும் ஐந்து அலமாரிகளில். பேராசிரியர்களுள் எவரும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். ஒவ்வொருவரும் தம் அலமாரியை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் மக்தூமின் கஜலையும் யாதகிரியின் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, ஒரே காலத்தின் இரு குரல்களாக ஒப்பிடும் எளிய வேலைக்கு அந்த ஒழுங்கில் இடம் இல்லாமல் போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாத் திரைப்பாட்டும் இலக்கியம் என்பது இந்த வாதம் அன்று. பெரும்பாலான அச்சுக் கவிதை இலக்கியமாகத் தேறாதது போலவே, பெரும்பாலான பாட்டும் தேறாது. தேர்வு வேண்டும், தேர்வுக்கு அளவுகோல் வேண்டும், அளவுகோல் பாட்டைக் கேட்டு உருவாக வேண்டும். பாட்டின் இரண்டு வரிகளைப் படத்தின்மேல் எழுதிச் சமூக ஊடகத்தில் பரப்பும் இரசிகர்களும் பேராசிரியர்களின் அதே தவற்றையே செய்கிறார்கள். அவர்களும் மெட்டையும் குரலையும் உரித்து எறிந்துவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பழிப்பவருக்கும் புகழ்பவருக்கும் கத்தி ஒன்றே.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. ஆய்வேட்டில் ஒலிப்பதிவு முதன்மைச் சான்றாக ஏற்கப்பட வேண்டும். அச்சு நூலின் துணைக்கருவியாக அன்று. பாட்டை மேற்கோள் காட்டும் ஒவ்வோர் இடத்திலும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஆண்டு, படமாயின் படம், எந்த அடிகள் பாடப்பட்டன, எவை விடப்பட்டன என்பன குறிக்கப்பட வேண்டும். பரிபாடல் தொகுத்தவர்களுக்கு முடிந்தது, கணிப்பொறி வைத்திருப்பவர்களுக்கு முடியாதா? மொழித்துறையும் இசைத்துறையும் திரைப்பட ஆய்வும் ஒரே ஆய்வாளரைக் கூட்டாக வழிநடத்த விதிகள் இடம்தர வேண்டும். தெலங்கானாவின் உருதுப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் ஒரே பாடத்தாளில் அருகருகே வைக்கப்பட வேண்டும்.

இவற்றுள் ஒன்று மட்டும் காத்திருக்காது. ஹைதராபாதின் கஜல் மரபு திரையில் மட்டும் வாழ்ந்ததன்று, மெஹ்ஃபில்களில் வாழ்ந்தது. நிஜாமின் மகனும் கவிஞருமான முஅஸ்ஸம் ஜாஹின் அவையில் இளம் வயதிலேயே பாடத் தொடங்கிய விட்டல் ராவ், அந்த மரபை இந்த நூற்றாண்டுவரை கொண்டுவந்து 2015 இல் மறைந்தார். அத்தகைய கலைஞர்களின் அருகில் உட்கார்ந்து கேட்டவர்கள், தபேலா வாசித்தவர்கள், பக்கவாத்தியம் பிடித்தவர்கள் இன்னும் இந்நகரில் இருக்கிறார்கள். எந்த ஈரடியை எங்கே நிறுத்தினார், எதை மீண்டும் பாடினார், அவை எதற்கு ‘வாஹ்’ சொன்னது என்பதெல்லாம் அவர்களுடைய நினைவில் இருக்கின்றன. அச்சிட்ட தொகுப்பு அடுத்த நூற்றாண்டிலும் நூலகத்தில் கிடைக்கும். இந்த நினைவுகள் கிடைக்கமாட்டா.

படிக்கிணற்றுக்குரிய மாஹ் லகா பாயின் கதை இதைத்தான் சொல்கிறது. அவருடைய கஜல்கள் 1798 இல் திவானாகத் தொகுக்கப்பட்டன. 1799 இல் அதன் கையெழுத்துப்படி ஒன்றை ஆங்கிலேய அதிகாரி ஜான் மால்கமுக்கு அவர் அளித்தார். அப்படி இலண்டனில் பத்திரமாக இருக்கிறது. மௌலாலிக் குன்றின் அடிவாரத்தில் அவருடைய கல்லறையும் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. ஏடு இருக்கிறது, கல் இருக்கிறது, கிணறு இருக்கிறது. அவர் எப்படிப் பாடினார் என்பது மட்டும் இல்லை. அந்த இழப்புக்கு யாரையும் நோக முடியாது. குரலைப் பிடித்துவைக்க அன்று கருவி கிடையாது. இன்று ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் அந்தக் கருவி இருக்கிறது. இனி நேரும் இழப்புக்குக் காலத்தைக் காரணம் காட்ட இயலாது.

அடுத்த முறை ஆய்வுக்குழுவின் முன் ஒரு மாணவர் பாட்டைத் தலைப்பாகக் கொண்டுவந்து நின்றால், ‘இது எந்தத் துறையில் வரும்?’ என்னும் கேள்வியைச் சற்றே தள்ளிவையுங்கள். அவர் கையில் இருக்கும் ஒலிப்பதிவை முதலில் முழுதாகக் கேளுங்கள். மூன்று நான்கு நிமிடங்கள்தான் ஆகும்.